கறுவாவின் குறைகள்

ஸம்ஸியாவின் வாப்பா மீராசாஹிபு கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க லெப்பை ஒருவரை வைத்தார். மற்றப் பாடத்தைத் தானே சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடம் மிகச் சின்னது. ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதைப் பார்க்காதே. பக்கத்தில் கிடப்பதைப் பார். அதற்கு விலை கேட்டு, அதிலே ஆயிரம் குறை சொல். கடைசியில் எழும்பிச் செருப்பைப் போடும்போது, "அங்க ஒண்டு கிடக்கே, அது என்ன விலை?" என்று சும்மா கேள். படியாவிட்டால் நடந்துவிடு. கடைக்காரன் கூப்பிடுவான். கூப்பிடாவிட்டாலும் திரும்பிப் போகாதே; திரும்பிப் போனவனுக்குக் கடைக்காரன் சொன்னதுதான் விலை.

ஸம்ஸியா இந்தப் பாடத்தில் ஒரே ஒருமுறைதான் தவறினாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை. குடும்பமாக நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். வாவிக் கரையில் ஒருவன் வெள்ளைக் குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளிரில் அதன் மூக்கிலிருந்து புகை வந்தது. "வாப்பா, எனக்கு இதில ஏறணும்" என்று குதிரைக்காரனின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டாள். குதிரைக்காரனுக்குத் தமிழ் தெரியும். விலை நின்ற இடத்திலேயே ஏறிற்று. மீராசாஹிபு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

"கிறுகிப் பாக்காத மகள். இப்ப கூப்பிடுவான்."

வாவியை அரைவாசி சுற்றியாயிற்று. கூப்பிடவில்லை. முழுதும் சுற்றி வந்து பார்த்தபோது, குதிரையின் மேல் கொழும்புப் பிள்ளை ஒன்று இருந்து, அந்தக் குளிரிலும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது.

இப்போது ஸம்ஸியாவுக்கு நாற்பது வயது பக்கத்தில் வந்து நிற்கிறது. புருசன் ஜுனைட் அதே பஸாரில் சாறிக் கடை வைத்திருக்கிறான். மூத்தவள் அப்னாவுக்குக் கைபேசிதான் உலகம். இளையவள் ஸஹ்றாவுக்கு வாப்பாதான் உலகம். ஸம்ஸியாவுக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் குதிரை ஓடினால் குசினியிலிருந்து கரண்டியோடு வந்து நிற்பாள். யாராவது கவனித்தால், "சத்தத்தக் குறைங்க, காது அடைக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஜுனைடின் கடைக்குப் பெருநாளைக்குப் பெருநாள் வருகிறவர் வரிப்பத்தான்சேனை சாலிஹ் காக்கா. வயல்காரர். சொன்ன விலையைக் கொடுத்து, சொன்ன சாறியை எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறவர். ஜுனைடுக்கு இது பெரிய மனவருத்தம். "மனிசன் ஒரு சொல்லுக் கதைக்கிறாரில்ல. கடைக்காரனுக்குக் கொஞ்சமாவது மரியாத வேணாமா?" என்பான். அப்படிப்பட்டவர் இந்தப் பெருநாளுக்கு வந்தபோது, வயல் வட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருப்பதாகவும், பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளோடு வந்து நிற்கவேண்டும் என்றும், குதிரை ஒன்றும் நிற்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்கமாட்டாராம், விருந்தாம்.

ஜுனைட் இதை வீட்டில் பகிடியாகச் சொன்னான். ஸம்ஸியா அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"குதிரையா? நாத்தம் புடிச்ச சாமான்" என்றாள்.

அந்தக் கிழமையே ஸஹ்றாவின் கைக்குக் குதிரை வீடியோக்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. அவற்றை யார் காட்டியது என்று எவரும் விசாரிக்கவில்லை. ஓகஸ்ட் லீவு வந்தபோது ஸஹ்றா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் குதிரை கேட்டாள். ஜுனைட் சவூதிக்காரனோடும் பேரம் பேசுவான், ஸஹ்றாவோடு பேசமாட்டான். பயணம் முடிவாயிற்று. ஸம்ஸியா பையின் அடியில் ஓடுவதற்குப் போடுகிற புதுச் சப்பாத்துச் சோடி ஒன்றை வைத்து, அதன் மேல் துவாயைப் போட்டு மூடினாள். மூலைக் கடைக்கும் ஓட்டோவில் போகிறவளுக்கு ஓட்டச் சப்பாத்து எதற்கு என்று அப்னா கேட்டாள். "வரம்பில பாம்பு இரிக்கும்" என்றாள் ஸம்ஸியா.

காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டி, வான் வயல் நடுவே ஏறியபோது இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கிடந்தது. வெட்டு மெசின் ஒன்று தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. கொக்குகள் அதன் பின்னாலேயே நடந்தன. சாலிஹ் காக்காவின் வீட்டுக்கு முன்னால் வாய்க்கால்; அதன் குறுக்கே மதகு; மதகுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம்; மரத்தின் கீழ் குதிரை.

ஸம்ஸியா ஒரு தடவைதான் பார்த்தாள். கறுவாப்பட்டை நிறம். நெற்றியில் விரல் அளவு வெள்ளை. கண் இமை மயிர் நீளம். அதற்குள் அவள் திரும்பி நின்றுவிட்டாள்.

"இது கறுவா" என்றார் சாலிஹ் காக்கா. "நிறத்துக்காக வெச்ச பேர். நான் வாங்கினத்தோட சரி. பாக்கிறது எல்லாம் இவதான்."

இவ என்றது மனைவி உம்முவை. உம்மு உயரமான பெண். முந்தானையைத் தலையில் இறுக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் குதிரையின் கயிறுமாக நின்று சிரித்தாள்.

ஸஹ்றா இரண்டு அடி முன்னால் வைத்தாள். கறுவா மூக்கால் ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான். ஸஹ்றா வாப்பாவின் சாரத்துக்குள் நுழைந்துவிட்டாள். அந்த நேரம் தாரா ஒன்று குஞ்சுகளோடு வாய்க்காலில் இறங்கியது. பிள்ளை அதற்குப் பின்னால் போனதோடு குதிரை விவகாரம் அவளைப் பொறுத்தவரை முடிந்தது.

ஸம்ஸியாவைப் பொறுத்தவரை அது தொடங்கவே இல்லை. அவள் குதிரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பூசணிக்காய்ப் பந்தலைப் பார்த்தாள். பூசணி சின்னது என்றாள். கிணற்றைப் பார்த்தாள்; கட்டு உயரம் போதாது என்றாள். வாய்க்காலில் தண்ணீர் கலங்கல், வேப்பமரத்தில் நிழல் ஐதாக இருக்கிறது. இவ்வளவையும் ஜுனைட் கேட்கவே சொன்னாள். கடைக்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் எந்தச் சாறியோடு எழும்புவாள் என்று அவளுக்கு முன்பே கண்டுபிடிக்கிற மனிதன் அவன். அவள் எதை விரித்துப் பார்க்கிறாள் என்று அவன் பார்க்கமாட்டான். எதை முழங்கைப் பக்கம் கிடக்க விட்டுத் திரும்பியும் பாராமல் இருக்கிறாள் என்றுதான் பார்ப்பான். சொந்தப் பெண்சாதி ஒரு முழுக் குதிரையை முழங்கைப் பக்கம் விட்டிருக்கிறாள். இது தெரியாதா?

தெரியவில்லை. ஜுனைட் கடையைப் பூட்டும்போது அந்த வித்தையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறவன். அவன் இடுப்பில் கை வைத்துக் குதிரையைச் சுற்றி வந்தான். பழக்க தோசம். நல்ல சரக்கைக் கண்டதும் வாய் தானாகத் திறந்தது.

"கால் கொஞ்சம் மெலிவு போல. வயிறும் இறக்கம். வால்ல மயிரக் காணல்ல. இந்தப் பின்னங்கால நொண்டுதோ?"

பஸாரில் இதற்கு அர்த்தம், அருமையான குதிரை, எப்போது ஏறலாம் என்பது. அடுத்ததாக உரிமைக்காரன், "என்ன கதைக்கிறீங்க, இப்பிடி ஒரு கால எங்க கண்டிரிக்கீங்க?" என்று பாய வேண்டும். இவன் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, தேத்தண்ணி வர, காரியம் முடியும்.

சாலிஹ் காக்கா பாயவில்லை. குனிந்து பின்னங்காலைப் பார்த்தார். உம்முவைப் பார்த்தார். உம்முவின் சிரிப்பு போய்விட்டது.

"நாங்க கவனிக்கல்லயே முதலாளி. குறை உள்ள மிருகத்தில ஆக்கள ஏத்திறது பாவம்" என்று சொல்லி, வேலியில் காய்ந்த சேணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸம்ஸியாவின் நெஞ்சுக்குள் நுவரெலியாக் குளிர் அடித்தது.

"நீங்க என்ன வேல பாத்தீங்க?" என்றாள் ஜுனைடிடம், தனியாக.

"என்ன பாத்த? தொடங்கி வெச்சிரிக்கன். இரு, நாளைக்கு அவரே வந்து கேப்பார்."

"எதுக்கு இருக்க? எனக்கென்ன. புள்ளைக்குத்தானே வந்த."

"புள்ள தாராக் குஞ்சோட இரிக்காள். ஆருக்குக் கவல?"

இதற்கு ஸம்ஸியாவிடம் பதில் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்து, மீராசாஹிபுவின் முகத்தைக் கண்டு திரும்பிப் போய்விட்டது.

குதிரையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த விருந்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளைகள் வாய்க்காலில் விழுந்து கண் சிவக்கும்வரை குளித்தார்கள். கைபேசிக்கு அலை பிடிக்காத அப்னா, முதல் அரை நாள் மரணவீட்டு முகத்தோடு இருந்துவிட்டு, பிறகு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டப் பழகினாள். அதன் சத்தத்தில் கொக்கெல்லாம் நாவிதன்வெளிப் பக்கம் போய்விட்டன என்று சாலிஹ் காக்கா சொன்னார். ஜுனைட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டு மெசினில் ஏறி ஒரு வளைவு போய்வந்தான். வந்தவன் மெசின்காரனோடு யாரோ ஒருவருடைய வயலுக்குக் கூலி பேசி, குறைத்தும் கொடுத்துவிட்டான். வயல்காரர் யார் என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது.

பகல் சோற்றுக்குக் குளத்து மீன் ஆணமும் எருமைத் தயிரும் வந்தன. ஜுனைட் தயிரை வழித்து வழித்துத் தின்றான். சட்டி வெறுமையானதும், "தயிர் கொஞ்சம் புளிப்புத்தான்" என்றான். அடுத்த நாள் எல்லாருக்கும் தயிர் வந்தது, அவனுக்கு வரவில்லை.

"எனக்கு?" என்றான்.

"புளிப்பெண்டு சொன்னீங்களே" என்றாள் உம்மு, மிகுந்த கவலையோடு. "வயித்துக்கு ஒத்துக்காதாக்கும் எண்டு வைக்கல்ல. உங்களுக்கு ரசம் வெச்சிரிக்கன்."

ஜுனைட் ரசம் குடித்தான். ஸம்ஸியா சோற்றில் கை வைத்தபடியே உம்முவைப் பார்த்தாள். இந்த வீட்டில் சொல்லுக்கு அதன் அர்த்தம்தான் அர்த்தம். புளிப்பு என்றால் புளிப்பு. நொண்டி என்றால் நொண்டி. இங்கே வந்து பஸார்ப் பாஷை கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கி, கறுவாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். நடக்க விட்டுப் பார்த்தார். மாட்டு வைத்தியராம். முதலாளி சொன்ன குறையைக் காட்டுவதற்கு உம்மு ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"கால் நல்லம் எண்டுதான் சொல்றார்" என்றார் சாலிஹ் காக்கா. "எண்டாலும் உங்களுக்கு மனசில்லாத இடத்தில நாம வற்புறுத்தக் கூடாதுதானே முதலாளி."

இப்போது ஒரு சொல் போதும். ஸம்ஸியா மூச்சை எடுத்தாள். ஜுனைட் முந்திக்கொண்டான்.

"பாப்பம், பாப்பம்" என்றான், கடையில் சொல்கிற மாதிரியே. பிறகு ஸம்ஸியாவிடம் வந்து, "கண்டியா? இறங்கி வாறார். நாளைக் காலையில பையத் தூக்கி வான்ல போடுவம். வானை ஸ்டார்ட் பண்ணின உடன ஓடி வந்து சேணத்தக் கட்டுவார். ஸஹ்றாட பயமும் தெளிஞ்சிரும். இத நான் எத்தின பேரிட்டப் பாத்திரிக்கன்" என்றான்.

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடாம எங்க போற?"

வாவியை முழுதாகச் சுற்றி வந்தவள் ஸம்ஸியாதான், அவன் இல்லை.

காலையில் ஜுனைட் பைகளைச் சத்தம் கேட்கத் தூக்கினான். "அப்ப நாங்க வாறம் காக்கா" என்று மூன்று இடத்தில் நின்று சொன்னான். சாலிஹ் காக்காவின் முகம் வாடிவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் நிப்பீங்க எண்டுதான் நினைச்ச. கடை வேலயாக்கும். நாம மறிக்கப்படாது."

மறிக்காதது மட்டுமல்ல, பை தூக்கவும் வந்துவிட்டார். பூசணிக்காய் சின்னது என்று ஸம்ஸியா சொன்னதற்காக, உம்மு பக்கத்து வளவில் போய்ப் பெரிதாகப் பார்த்து இரண்டு வாங்கி வந்து வானில் ஏற்றினாள். ஒரு மூட்டை புது அரிசி ஏறிற்று. தாராக் குஞ்சு ஒன்று ஸஹ்றாவின் மடியில் கடகத்தோடு ஏறிற்று. ஜுனைட் ஏற்ற ஏற்றப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படி ஒரு வியாபாரியை அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

வானை ஸ்டார்ட் பண்ணினான். கொஞ்ச நேரம் உறும விட்டான். சாலிஹ் காக்கா, "கவனமாப் போங்க, சந்தியில மாடு படுத்திரிக்கும்" என்றார். வான் நகர்ந்தது. மதகைத் தாண்டிற்று.

"கிறுகிப் பாக்காத" என்றான் ஜுனைட் பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப கூப்பிடுவார்."

ஸம்ஸியா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடிக்குள் வேப்பமரம் சின்னதாகிக்கொண்டு போனது. அதன் கீழ் கறுவா நிறத்தில் ஒரு பொட்டு. பக்கத்தில் இரண்டு பேர் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். சந்தோசமாக வழியனுப்புகிற கை. கூப்பிடுகிற கை அல்ல. அந்தக் கைகளைப் பார்த்தபோது, அந்த வெள்ளைக் குதிரைக்காரனும் கெட்டவன் இல்லையோ என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றிற்று. அவனுக்கு என்ன தெரியும்? போகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

"வானை நிப்பாட்டுங்க."

"என்ன விட்டுட்டு வந்த?"

"நிப்பாட்டுங்க எண்டன்."

வான் நின்றது. ஸம்ஸியா பையின் அடியில் கையை விட்டுச் சப்பாத்தை எடுத்தாள். மடியில் வைத்து ஆறுதலாகக் கட்டினாள். இறங்கி, அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். பின்னால் ஜுனைடின் குரல் கேட்டது: "ஸம்ஸியா, திரும்பிப் போகாத, எல்லாம் பழுதாப் போகும்." மீராசாஹிபுவின் குரலும் அதே நேரத்தில் அதையே சொன்னது. இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மதகில் ஏறினாள்.

"என்ன தங்கச்சி, சாமான் ஏதும் விட்டிட்டீங்களா?" என்றாள் உம்மு.

"ஓம் ராத்தா." ஸம்ஸியா குதிரையை நேராகப் பார்த்தாள். மூன்று நாளில் இரண்டாவது தடவை. "எனக்கு இதில ஏறணும். எனக்குத்தான். புள்ளைக்கு இல்ல. சின்ன வயசில இருந்து ஆச."

சொல்லி முடித்ததும், விலை ஏறுவதற்காகக் காத்து நின்றாள்.

உம்முவும் சாலிஹ் காக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இத வந்த அண்டைக்கே சொல்லியிரிந்தா வந்த அண்டைக்கே ஏறியிரிக்கலாமே புள்ள" என்றாள் உம்மு. "நீங்க குதிரையப் பாக்கவும் மாட்டீங்க. பயமாக்கும் எண்டு நான் கிட்டக் கொண்டு வரல்ல."

சேணம் வந்தது. உம்மு குதிரையை மதகுக் கட்டோடு ஒட்டி நிறுத்தினாள். ஸம்ஸியா கட்டின் மேல் ஏறி, பிஸ்மி சொல்லி, காலைப் போட்டாள். அபாயாவுக்குள் ஸல்வார் இருந்தது. அதையும் அவள் மூன்று நாளாக யோசித்துத்தான் உடுத்தியிருந்தாள். கறுவா ஒருமுறை காதை ஆட்டிற்று. உம்மு கயிற்றைப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

வயல் வேறு உயரத்திலிருந்து தெரிந்தது. வெட்டின தாளும் வெட்டாத நெல்லும் பாய் விரித்த மாதிரிக் கிடந்தன. வாய்க்கால் எங்கே வளைகிறது என்று தெரிந்தது. வானுக்குப் பக்கத்தில் இறங்கி நின்ற ஜுனைடின் தலை உச்சியில் மயிர் எவ்வளவு போய்விட்டது என்பதும் தெரிந்தது. அப்னா கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "உம்மா, வாப்பாக்கு நீங்க சொல்லவே இல்லயா?" என்றாள்.

"சொல்லணுமா?" என்றாள் ஸம்ஸியா மேலேயிருந்து. "ஊர்ப் பொம்புளயள்ட மனசெல்லாம் வாசிக்கிற ஆள்."

ஜுனைட் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முதுகு காட்டி நின்றது, சின்னப் பூசணி, கலங்கல் தண்ணீர், ஓட்டச் சப்பாத்து, எல்லாம் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து சேருவதை ஸம்ஸியா பார்த்தாள். கடைசியில் அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"முழங்கைப் பக்கம் வெச்சிரிக்காள்" என்றான் தனக்குத்தானே. "எனக்கிட்டயே."

வரம்பு றோட்டின் முடிவு வந்ததும் உம்மு, "போதுமா தங்கச்சி?" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பஸாரில் அதற்கு மேலான புகழ்ச்சி கிடையாது. "போதா" என்றாள் ஸம்ஸியா. "இன்னுமொருக்கா. கொஞ்சம் கெதியா."

இன்னொரு சுற்றுக்கு ஓடிற்று கறுவா. உம்முவும் கூடவே ஓடினாள். ஸம்ஸியா சிரித்த சிரிப்பு மெசின்காரனுக்கும் கேட்டிருக்கும். அவர்கள் திரும்பி வந்தபோது பூசணிக்காய்கள் வானிலிருந்து இறங்கியிருந்தன, பைகளும் இறங்கியிருந்தன. சாலிஹ் காக்காவின் முகம் மலர்ந்திருந்தது. ஜுனைட் உம்முவுக்கு முன்னால் வந்து, கடையில் கடைசிச் சாறியை விற்கிற முகத்தோடு நின்றான்.

"ராத்தா, அண்டைக்குச் சொன்னத மனசில வைக்காதீங்க. நல்ல குதிரை. நிறம் எண்டா நிறம். வெயில்ல நிண்டாலும் மங்கல்ல. உடம்பு நல்ல வழுவழுப்பு."

"மாஷா அல்லாஹ் சொல்லுங்க முதலாளி" என்றாள் உம்மு. "கண்ணூறு பட்டிரும்."

"மாஷா அல்லாஹ்" என்றான். மற்றவனுடைய சரக்கைப் பார்த்து அவன் அதைச் சொல்லி ஸம்ஸியா கேட்டதே இல்லை.

"நீங்களும் ஒருக்கா ஏறிப் பாக்கிறீங்களா?" என்றார் சாலிஹ் காக்கா.

ஜுனைட் குதிரையைப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துப் பூசணிக்காய்மேல் வைத்தான்.

"எனக்கென்னத்துக்கு? முதுகு வேற கொஞ்சம் பள்ளமாக் கிடக்கு."

சாலிஹ் காக்கா சரியென்று தலையை ஆட்டிவிட்டுச் சேணத்தின் வாரை அவிழ்க்கக் கையை வைத்தார். ஸம்ஸியா இறங்கி, சப்பாத்தில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டே அவருக்கு விளங்கப்படுத்தினாள்.

"அவிழ்க்காதீங்க காக்கா. அவர் ஓம் எண்டுதான் சொல்றார்."